நாலு வீடு தள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நான் இருக்கிறேன், அத்தான் இருக்கிறார், வீடு இருக்கிறது. அம்மாவின் கட்டிலை மட்டும் பிரித்துப் பின்னறையில் சாத்தி வைத்துவிட்டேன். கூடத்தில் சக்கர நாற்காலியைத் திருப்ப இடம் போதவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தவுடன் அங்கே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்தது. சாக்லேட்டை எதிர்வீட்டுப் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள். அத்தானுக்கென்று கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வைத்திருந்தாய். நல்ல கதகதப்பாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். ஒன்றைத் தினமும் போட்டுக்கொள்கிறார்.

இனி வீட்டு விஷயம். மதிப்பீட்டாளர் போட்ட விலையைப் பார்த்துவிட்டு நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறான், இது ஊர் சிரிக்கிற விலை, அக்கா நீ ஏதாவது சொல்லிக் குறைத்துவிட்டாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். தம்பி, அந்த ஆளைத் தேடிப் பிடித்தது நீ. பணம் கட்டியது நீ. அம்மாவின் காரியத்துக்கு வந்தவன், திரும்பும் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இதே கூடத்தில் உட்கார்ந்து சொன்னாய்: வெளியாள் ஒருவர் வந்து விலை சொல்லட்டும், வீடு வேண்டும் என்கிறவர் அந்த விலையில் பாதியை மற்றவருக்குக் கொடுக்கட்டும், முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்வோம், அவர் வாயால் வந்த விலைக்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னதோடு விடாமல் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினாய். எங்களால் கொடுக்க முடியாத விலை வரும் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கே வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்துவிட்டேன்.

வந்தவர் நேர்மையான மனிதர். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அளவுநாடாவைப் பிடித்து அறை அறையாக அளந்தார், எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், மாடிக்கு ஏறினார், சுவரில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்தார். குளியலறைச் சுவரின் ஈரத்தை நான் காட்டவில்லை, அவரே கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் விலையை எப்படிப் போடுவார் என்று கேட்டேன். இந்த வட்டாரத்தில் சமீபத்தில் கைமாறிய மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வாராம். முனை வீடு நம்முடையதைவிடப் பெரியது, அதனால் அதன் விலையில் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பதற்கு மாடி இல்லை, அதனால் கூட்ட வேண்டும். மூன்றாவது, நாலு வீடு தள்ளி இருப்பது. ஒரே வரைபடம், ஒரே மேஸ்திரி, ஒரே வருடம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “இந்த மாதிரி ஜோடி அமையறது அபூர்வம்மா. இதுக்குக் கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம். இதை வச்சுத்தான் முடிவு பண்ணப்போறேன்” என்றார்.

அது எந்த வீடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தனக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகக் கட்டிய இரட்டையில் என்னுடையது. போன வருடம் நான் விற்றுவிட்டு அம்மாவோடு இங்கே வந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். “நியாய விலைன்னா என்னம்மா? விக்கிறவருக்கும் அவசரம் இருக்கக் கூடாது, வாங்குறவருக்கும் அவசரம் இருக்கக் கூடாது, ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. அந்த வீட்டை வித்தது நீங்கதானாமே. அப்படித்தானே கைமாறுச்சு?” என்றார். தம்பி, அப்போது எனக்கு வேறொரு மேசை ஞாபகம் வந்தது. பத்திரம் பதிகிற இடத்தில் அந்த அதிகாரி, “உங்க இஷ்டப்படிதான் விக்கிறீங்களா, யாராவது நெருக்கினாங்களா?” என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நீ போனில் எனக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தாய் அல்லவா? அதையே ஒரு சொல் மாறாமல் இவரிடமும் சொன்னேன். என் இஷ்டப்படி விற்றேன், யாரும் நெருக்கவில்லை, வாங்கியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த விலை நியாயமா என்று கேட்கிறாய். இல்லை. சத்தியமாக இல்லை. என் வீட்டுக்குக் கிடைத்தது எவ்வளவு அநியாயமோ இதுவும் அதே அளவு அநியாயம்.

அந்த வாரத்தை உனக்குக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். அத்தான் ஆஸ்பத்திரியில், பாதத்தில் புண். உடனே ரத்தக் குழாயைச் சரிசெய்தால் கால் தப்பும், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். வீட்டை விற்றால்தான் உண்டு. நீதான் ஒரு ஆளைப் பிடித்துத் தந்தாய். மொத்தப் பணமும் கையில் வைத்திருக்கிறார், நான் உனக்காகப் பேசுகிறேன் என்றாய். தினமும் போன் செய்தாய். குளியலறைச் சுவர் ஈரமாம், கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். சமையலறைக் கூரையில் விரிசலாம், இன்னும் கொஞ்சம். சாக்கடை மேடாம், இன்னும் கொஞ்சம். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றேன். நீ மறுநாள் வேறொன்றைக் கொண்டுவந்தாய். சந்தை விலை என்பது இன்றைக்கு யார் காசோடு வந்து நிற்கிறார்களோ அவர்கள் கொடுப்பதுதான் அக்கா என்று எனக்குப் பாடம் நடத்தினாய். வாங்குகிற மனிதர் வீட்டை வந்து பார்க்கவே இல்லையே, குளியலறைச் சுவரின் ஈரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

பணம் வந்தது. கொண்டுபோய்க் கட்டினேன். நாலு நாள் முன்னால் கட்டியிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அந்த வீட்டில் இப்போது தையல்காரப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள், நல்ல பெண். அம்மா படுக்கையில் விழுவதற்கு முன்பு, ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கூடமெல்லாம் ஓடுகிறது. அவள் பதறிப்போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “துவைக்கிற கல்லுக்கு அடியில இடப்பக்கம் ஒரு வால்வு இருக்கும், அதை மூடும்மா” என்று ஒரு குரல் சொன்னது. அந்த வால்வை அங்கே ஒளித்து வைத்தது அப்பா. இரண்டு வீட்டிலும் அதே இடத்தில் வைத்தார். அது தெரிந்தவர்கள் நம் வீட்டு நாலு பேர்தான், அவர்களில் அப்பா அப்போதே இல்லை. நான் ரவிக்கைத் துணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். குனிந்து வால்வை மூடியதும் நான்தான். அந்தப் பெண் உனக்கு நன்றி சொல்லி போனை வைத்தாள்.

பதிவு நாளில் வாங்குகிறவருக்குப் பதில் யாரோ ஒரு ஆள் வந்தார், நானும் பெயரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்; இதற்குப் பிறகுதான் பத்திர நகலை எடுத்துப் பார்த்தேன். உன் மைத்துனர் பெயரில் வாங்கியிருக்கிறாய். வாடகை உனக்கு வருகிறது. அந்த வாரம் முழுக்க நீ உன்னோடு நீயே பேரம் பேசி, என் பக்கம் நின்று ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாய். அம்மா இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் உன்னைத் தங்கம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். மதிப்பீட்டாளரிடம் மறுபடி கேட்டேன். அந்த வீடு அவசரத்திலோ சொந்தத்துக்குள்ளோ கைமாறியது என்று விற்றவரும் வாங்கியவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை வைத்துப் புதிதாக விலை போடுவாராம். விலை நன்றாகவே ஏறும். நான் எழுதித் தரத் தயார். நீயும் எழுது. உன் பெயரை எழுது, மைத்துனர் பெயரை எழுது, நான் உன் அக்கா என்று எழுது, அன்று அத்தான் எங்கே படுத்திருந்தார் என்றும் எழுது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய விலை என்றால் கால் போனபின் அத்தான் வேலையை விட்டபோது வந்த கடைசிப் பணத்தை வைத்து உன் பாதியை இந்த மாதமே கொடுத்துவிடுவேன். விலை ஏறினால் என்னால் முடியாது, வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இதுவரை பார்த்த வாடகை வீடுகளில் பாதிக்குப் படிக்கட்டு. மீதியில் வீட்டுக்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததும் தரை கீறல் விழும் என்கிறார்கள். இங்கே வாசலில் சரிவு கட்டியிருக்கிறேன், அவரே உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார். அதற்கு மேல் அவருக்கு இந்த உலகத்தில் ஆசை எதுவும் இல்லை.

யோசித்துச் செய். நீ சின்னவன், நன்றாக வாழ வேண்டியவன்.

உன்
அக்கா


அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீங்கள் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கனவிலும் எண்ணவில்லை.

அந்த வீடு வேற்று மனிதர் கைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். அப்பா கட்டிய வீடு அல்லவா? என் பெயரில் வாங்கினால் நீங்கள் கூச்சப்பட்டுப் பணத்தை வாங்க மாட்டீர்கள் என்று மைத்துனர் பெயரில் வாங்கினேன். விலையைப் பற்றிச் சொல்கிறீர்கள். அன்றைக்கு என் கையிலும் அவ்வளவுதான் இருந்தது. அத்தானின் காலுக்கு நானா காரணம்? சர்க்கரையை அவர் கட்டுக்குள் வைக்கவில்லை, ஊருக்கே தெரியும். இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா உங்களுக்கு முழு வீட்டைக் கொடுத்தார். எனக்கு என்ன கொடுத்தார்? படிக்க வைத்தார், விமானம் ஏற்றினார், அவ்வளவுதான். அதை நான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

நிற்க. இங்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். என் பாதி சரியான விலைக்கு வந்தால்தான் அது நிற்கும், இல்லையென்றால் கொடுத்ததும் போய்விடும். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நீங்கள் கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு மதிப்பீட்டாளருக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். அவசரம் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவுக்கு அந்த விலை செல்லாது என்று விவரம் தெரிந்த நண்பர் சொன்னதால் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன். நீங்களும் உங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் இருவரும் தனியாக இருப்பது எனக்கும் கவலைதான். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் இப்போது நன்றாக இருக்கின்றன, தரைத்தளத்திலேயே அறை கிடைக்குமாம். விசாரித்துச் சொல்கிறேன். இங்கே குளிர் தாங்க முடியவில்லை, காலெல்லாம் மரத்துப்போகிறது. என்னை மன்னித்தருள வேண்டும்.

என்றும் உங்கள்
தம்பி


அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாய். இந்தக் கடிதத்தில் முதல் வரியிலிருந்து நீங்கள், உங்கள் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மீதியை மெதுவாகத்தான் படித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். போட மாட்டாய் என்று அத்தானிடம் பந்தயம் கட்டியிருந்தேன். வெட்கப்பட்டாவது, பயந்தாவது சும்மா இருந்துவிடுவான், பழைய விலைக்கே பாதியை வாங்கிக்கொண்டு போய்விடுவான், நானும் அத்தோடு தலை முழுகிவிடுவேன் என்றேன். “போடுவான், காசு ஏறுதுன்னா போடுவான்” என்றார் அத்தான். அவர் யாரையும் குறைத்துப் பேசுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும்.

நீ எழுதிக் கொடுத்ததை மதிப்பீட்டாளர் எனக்குக் காட்டினார். நன்றாக எழுதியிருக்கிறாய். அக்காவின் நெருக்கடியைப் பயன்படுத்தி, சந்தை விலைக்கு மிகவும் கீழே, மைத்துனர் பெயரில் நானே வாங்கினேன் என்று தெளிவாக இருந்தது. அறுவை சிகிச்சை தள்ளிப்போனதுகூட இருந்தது. அந்த மனிதருக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது. ஒரு வருடமாக இந்த வார்த்தைகளை உன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன், தம்பி. என்னிடம் ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும், போனில் அழுதிருந்தால்கூடப் போதும், வீட்டையே உனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். நீ முன்பின் தெரியாத ஒருவருக்கு, விலை ஏறுவதற்காகச் சொன்னாய். எனக்கு அன்றைக்கு நெஞ்சு கொதித்தது, இன்னும் ஆறவில்லை.

என் பங்கையும் எழுதிக் கொடுத்தேன். நீ கேட்டபடி புது விலை வந்துவிட்டது. இந்த முறை நியாயமான விலைதான், எனக்கும் அதில் குறை இல்லை. உன் நகலையும் அவர் அனுப்பியிருப்பார்.

இனி கவனமாகப் படி. இரண்டும் இரட்டை வீடு, கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்த வீட்டின் நியாய விலைதான் என் வீட்டின் நியாய விலையும். நீ எழுதிக் கொடுத்தது, புது மதிப்பீடு, இரண்டு தாளையும் வக்கீலிடம் வைத்தேன். நான் பேசியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எதிர்த்தரப்பே இப்படி விரிவா எழுதிக் குடுத்து நான் பாத்ததில்லம்மா” என்றார். உனக்கும் உன் மைத்துனருக்கும் நோட்டீஸ் போயிற்று. மைத்துனர் மறுநாளே ஓடி வந்தார். “என் பேரை விட்டுடுங்க, நான் கையெழுத்துப் போட்டதோட சரி, காசும் அவனுது வாடகையும் அவனுது” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீயும் உன் தங்கமான சொந்தங்களும் நன்றாக எழுதுகிறீர்கள்.

வழக்குப் போட வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. இந்த வீட்டில் உன் பாதியைப் புது விலைக்கே வைத்துக்கொள்கிறேன், ஒரு காசு குறைக்கவில்லை. அதிலிருந்து என் வீட்டுக்கு நீ குறைத்துக் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறேன். கணக்குப் பார்க்க நீ கெட்டிக்காரன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உனக்கு விலை ஏறியது பாதி வீட்டுக்கு. எனக்குக் குறைந்திருந்தது முழு வீட்டுக்கு. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழைய விலையில் உனக்கு வந்திருக்கக்கூடியதைவிட இது குறைவுதான். உன் முன்பணம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். போய்விடும். எனக்கு வருத்தமில்லை. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன், அதை அடிக்க மாட்டேன். சந்தை விலை என்பது இன்றைக்கு யார் காசோடு வந்து நிற்கிறார்களோ அவர்கள் கொடுப்பதுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. இன்றைக்கு வந்து நிற்பது நான்.

சரி என்றால் வக்கீலுக்கு எழுது, எனக்கு எழுத வேண்டாம். முதியோர் விடுதியும் விசாரிக்க வேண்டாம். அம்மாவின் கட்டிலை நாளை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், அந்த அறைக்கும் ஒரு சரிவு கட்டப்போகிறோம்.

அங்கே குளிரில் கால் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் அசட்டையாக விடாதே. ஏதாவது புண் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ, காசு பார்க்காதே. இத்துடன் ஒரு காலுறை வைத்திருக்கிறேன். நீ அத்தானுக்கு அனுப்பிய ஜோடியில் மற்றது. புதிதுதான், ஒரு நாள்கூடப் போடவில்லை. நீ இரண்டு காலோடும் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
அக்கா